ஆளை அமுக்காத கேஸரோல்!

'கேஸரோல்'னு சொன்னதும் என்ன ஞாபகம் வருது? கல்யாண கிஃப்ட்டா வந்து பரண் மேல மூணு, கிச்சன்ல ஒண்ணுனு உட்கார்ந்திருக்குமே... சப்பாத்தியைப் போட்டு மூடி வைக்கிற ஹாட் பாக்ஸ். அதானே? மேல்படிப்புக்கு அமெரிக்கா கிளம்பற ஐடியா இருந்தா, அந்த அர்த்தத்தை மீனம்பாக்கத்துலயே இறக்கி வெச்சுட்டு ஃப்ளைட் ஏறுங்க. அங்கே கேஸரோல்ங்கிறது ஓவனுக்குள்ள போற அகலமான பாத்திரத்துக்கும் பேர், அந்தப் பாத்திரத்துல வேகற சாப்பாட்டுக்கும் பேர்.

அதுவும் மினசோட்டா, அயோவா, விஸ்கான்சின், ஒஹையோனு மிட்வெஸ்ட் பக்கம் சீட் கிடைச்சுதுனா, இந்த அயிட்டத்துக்கிட்டேயிருந்து தப்பிக்கவே முடியாது. ஆளுக்கு ஒண்ணு சமைச்சு எடுத்துட்டு வந்து பகிர்ந்து சாப்பிடுவாங்களே, 'பாட்லக்'குங்கிற கூட்டாஞ்சோறு, அங்கே இருக்கும். வெளிநாட்டு ஸ்டூடன்ட்ஸை வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைக்கிற உள்ளூர்க் குடும்பங்களோட டேபிள்ல இருக்கும். மாட்டிறைச்சி கைமா, முட்டை சேர்த்த நூடுல்ஸ், காளான் சூப், சௌர் க்ரீம், மேலே போர்வை மாதிரி சீஸ். ஸ்பூனை விட்டு எடுத்தா நூல் நூலா இழுத்துக்கிட்டு வரும். ருசியைக் கேட்கவே வேண்டாம். ஆனா, சாப்பிட்ட அரை மணி நேரத்துல கண்ணு சொக்கும் பாருங்க... நைட் பன்னிரண்டு மணிக்குள்ள அசைன்மென்ட் சப்மிட் பண்ண வேண்டிய ஆளு, ஒன்பதுக்கே சோஃபாவுல ஃப்ளாட்!

ருசி குறையாம இந்த கேஸரோலை எப்படி லைட் ஆக்கறதுங்கிறதுதான் இந்த வார மேட்டர். 'கொழுப்பு கெட்டது, வெட்டு'னு மொட்டையா சொல்றது ஈஸி. வெட்டினா மிஞ்சறது என்ன தெரியுமா? ஆஸ்பத்திரி கேன்டீன் மாதிரி சப்புனு ஒரு நூடுல்ஸ். அதை ஒரு தடவை சாப்பிடுவீங்க, அடுத்த வாரம் பீட்ஸாவுக்கு போன் போட்டுருவீங்க. கொழுப்பு அந்தப் பாத்திரத்துக்குள்ள ஏதோ ஒரு வேலை பார்த்துக்கிட்டு இருந்தது. அதை லீவுல அனுப்பினா, அந்த வேலையைப் பார்க்க இன்னொரு ஆளைப் போடணும். அவ்வளவுதான் டெக்னிக்.

பசி காலத்து ஃபார்முலா

இது ஏன் இவ்வளவு 'வெயிட்'டான சாப்பாடா ஆச்சு? வேணும்னு யாரும் கொழுப்பைக் கொட்டலை பாஸ். 1930-கள்ல அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தம் போட்டுத் தாக்கின நேரம். இருக்கிற கொஞ்சூண்டு கறியில வீட்டுல இருக்கிற அத்தனை வயித்தையும் நிரப்பியாகணும். கறியை நூடுல்ஸோட, மக்ரோனியோட கலந்து, ஏதாவது சூப்பை ஊத்தி ஓவன்ல தள்ளினா, ரெண்டு பேர் கறி ஆறு பேருக்கு வந்தது. திடீர்னு நாலு விருந்தாளி வந்தா நம்ம வீட்டுல சாம்பார் நீளுமே, அதே லாஜிக்.

மினசோட்டாவிலும் வடக்கு டகோட்டாவிலும் இதுக்குப் பேரு 'ஹாட் டிஷ்'. அச்சுல வந்த பழைய ஹாட் டிஷ் குறிப்புகள்ல ஒண்ணு 1930-ல வந்தது. மினசோட்டாவின் மன்கேட்டோ ஊரில் லூத்தரன் சர்ச் பெண்கள் சேர்ந்து போட்ட சமையல் புத்தகத்துல இருக்கு. கைமா, வெங்காயம், செலரி, டப்பா பட்டாணி, தக்காளி சூப், மக்ரோனி... அவ்வளவுதான். சீஸும் கிடையாது, க்ரீமும் கிடையாது! 1934-ல கேம்ப்பெல் கம்பெனி கெட்டியான காளான் க்ரீம் சூப்பை டப்பாவுல அடைச்சு விட்டதும் கதை மாறிப்போச்சு. அடுப்புகிட்ட நின்னு கட்டி தட்டாம ஒயிட் சாஸ் கிளற வேண்டிய அவசியமே இல்லை. டப்பாவைத் திற, கவிழ்த்து, முடிஞ்சது. எல்லா சர்ச் விருந்துலயும் இந்த சூப்தான் சாப்பாட்டை ஒட்ட வெச்சுப் பிடிச்சதுங்கிறதால, அதுக்கு 'லூத்தரன் பசை'னு அந்த ஊர்க்காரங்களே கிண்டலா பேர் வெச்சுட்டாங்க.

1971-ல 'ஹாம்பர்கர் ஹெல்ப்பர்'னு ஒரு பாக்கெட் வந்தது. கைமா மட்டும் நீங்க வாங்கினா போதும், நூடுல்ஸும் மசாலாப் பொடியும் பாக்கெட்டுக்குள்ளேயே. ஆபீஸ் போற அம்மாக்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனா சமையல் கொஞ்சம் கொஞ்சமா சமையல்காரங்க கையை விட்டு கம்பெனி கைக்குப் போச்சு.

அதுக்காக இதைக் குறைவா எடை போடாதீங்க. அங்கே ஒரு வீட்டுல குழந்தை பிறந்தாலும், துக்கம் நடந்தாலும் பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டி ஒரு கேஸரோலைக் கொடுத்துட்டுப் போவாங்க. சாவு வீட்டுல அடுப்பு எரியாதுனு நம்ம பக்கம் அக்கம்பக்கத்துல சமைச்சுக் கொண்டு வருவாங்களே, அதே மனசு. அரசியல்வாதிகளும் விடலை. 2011-ல அப்போதைய செனட்டர் ஆல் ஃப்ராங்கன், வாஷிங்டன்ல இருக்கிற மினசோட்டா எம்.பி.க்களுக்குள்ள ஹாட் டிஷ் சமையல் போட்டியே நடத்தினார். கட்சி வேற வேறதான். கேஸரோல் ஒண்ணுதான்!

ஒரு விஷயம் மட்டும் மாறிப்போச்சு. மைனஸ் இருபது டிகிரி குளிர்ல மாட்டுக்கொட்டகையில வேலை பார்த்துட்டு வந்தவங்களுக்கு இந்த வெயிட் தேவைப்பட்டது. பகல் முழுக்க லேப்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு?

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

அமெரிக்கக் கடையில 'கிரவுண்ட் பீஃப்' பாக்கெட்டு மேல 80/20, 93/7னு ஏதாவது எழுதியிருக்கும். கிரிக்கெட் ஸ்கோர் இல்லை மக்களே, முதல் நம்பர் கறி, ரெண்டாவது கொழுப்பு. 80/20 ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் வாங்கினா, அதுல சுமார் 90 கிராம் கொழுப்பு. 93/7 வாங்கினா 32 கிராம். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனா 80/20-ல வடிஞ்சு போற கொழுப்புக்கும் சேர்த்துதானே காசு கொடுக்கறீங்க?

அடுத்தது சௌர் க்ரீம். ஒரு கப்புல 45 கிராம் கொழுப்பு. துருவின செட்டார் சீஸ் ரெண்டு கப் போட்டா இன்னொரு 75. டப்பா சூப்புல ஒரு 18, முட்டை நூடுல்ஸ்ல 10. ஆறு பேருக்கான பாத்திரத்துல, கறியில வடியற நெய்யை வடிக்காம விட்டா, மொத்தம் 238 கிராம். தலைக்கு 40! சூப்புல கொழுப்பைவிட பெரிய வில்லன் உப்பு. டப்பா லேபிள்ல அரை கப்புக்குத்தான் சோடியம் கணக்கு போட்டிருப்பாங்க. முழு டப்பாவுக்கும் கூட்டிப் பாருங்க, 2,000 மில்லிகிராமைத் தாண்டறது சகஜம். உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு ஒரு நாள் முழுக்கச் சொல்ற எல்லையே 2,000-க்குக் கீழேதான். பட்டமளிப்புக்கு அப்பா, அம்மா வந்து உங்ககூட தங்கறாங்க, அப்பாவுக்கு பி.பி. இருக்குனு வெச்சுக்கோங்க. நீங்க முதல்ல கை வைக்க வேண்டிய இடம் இந்த டப்பாதான்.

இப்போ வேலையைப் பிரிச்சுப் பாருங்க. கறியில இருக்கிற கொழுப்பு ஈரப்பதம் கொடுக்குது. சூப் எல்லாத்தையும் ஒட்ட வைக்குது. சௌர் க்ரீம் லேசான புளிப்பு. சீஸ் வாசனை, உப்பு, மேலே அந்த மொறுமொறு பொன்னிறம். நாலு வேலைக்கும் நாலு மாற்று ஆள் தேடியாச்சு!

களத்துல இறங்கலாம்

ஆறு பேருக்கு, 9-க்கு 13 இன்ச் பாத்திரம். 93/7 கைமா ஒரு பவுண்டு, பட்டன் காளான் 225 கிராம், அகல முட்டை நூடுல்ஸ் 225 கிராம், பெரிய வெங்காயம் ஒண்ணு, பூண்டு நாலு பல், கேரட் ரெண்டு, செலரி ரெண்டு தண்டு, ஃப்ரீஸர் பட்டாணி ஒரு கப். ஒரு சதவிகிதக் கொழுப்புள்ள பால் ரெண்டு கப், உப்பு குறைந்த பீஃப் ஸ்டாக் ஒரு கப், மைதா நாலு டேபிள்ஸ்பூன், கொழுப்பு குறைந்த கிரேக்கத் தயிர் அரை கப், 'ஷார்ப்' செட்டார் சீஸ் 75 கிராம், பிரெட் தூள் அரை கப். மிளகு, கொஞ்சம் தைம் இலை, கொஞ்சம் எண்ணெய்.

ஹீரோ காளான்தான். கைமா சைஸுக்கே பொடியா நறுக்குங்க. வாணலியைக் காய வெச்சு, எண்ணெய் இல்லாமலே போடுங்க. முதல்ல தண்ணி விடும், பயப்படாதீங்க. அந்தத் தண்ணி முழுக்க சுண்டி, காளான் பழுப்பா ஆகற வரைக்கும் விடணும். எட்டுப் பத்து நிமிஷம் ஆகும். காளானுக்குள்ள கறிக்கு நெருக்கமான ஒரு ருசி இருக்கு, ஈரத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். கொழுப்பு குறைஞ்ச கறி சக்கையா வறண்டு போகாம காப்பாத்தறது இதுதான்.

காளானைத் தனியா எடுத்துட்டு, அதே வாணலியில ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு கைமாவைப் பரப்புங்க. பரப்பினதும் கரண்டியை எடுத்துக் கிளற ஆரம்பிக்காதீங்க! மூணு நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. அடிப்பக்கம் நல்லா பழுப்பு ஏறணும். அதுக்கப்புறம் உடைச்சுவிட்டு வதக்கணும். கிளறிக்கிட்டே இருந்தா கறி தண்ணி விட்டு, தன் தண்ணியிலேயே வெந்து சாம்பல் கலர்ல நிக்கும். அந்தப் பழுப்புல இருக்கிற ருசிதான் நீங்க குறைக்கப்போற சீஸுக்கு ஈடு.

கடையில 80/20தான் இருந்ததா? பரவாயில்லை, வதக்கினதும் வடிகட்டியில போட்டு வடிச்சுடுங்க. கொதிக்கிற தண்ணியை மேலே ஊத்திக் கழுவினா இன்னும் கொழுப்பு போகும், கூடவே கொஞ்சம் ருசியும் போகும். வடிச்ச நெய்யை சிங்க்ல மட்டும் ஊத்திடாதீங்க, குழாய்க்குள்ள உறைஞ்சு அடைச்சுக்கும். அப்புறம் வீட்டு ஓனருக்கு யார் பதில் சொல்றது? காலி டப்பாவுல ஊத்தி, ஆறினதும் குப்பையில போடுங்க.

வெங்காயம், செலரி, பூண்டு, துருவின கேரட் எல்லாத்தையும் கறியோட சேர்த்து வதக்கி, காளானைத் திரும்பப் போடுங்க. இப்போ 'லூத்தரன் பசை'க்கு மாற்று. மைதாவைச் சூடான வாணலியில தூவினா கட்டி தட்டும். மூடி போட்ட பாட்டில்ல ஆறின பாலையும் மைதாவையும் போட்டு நல்லா குலுக்குங்க. சாம்பார் நீர்த்துப் போனா அரிசி மாவைப் பச்சைத் தண்ணியில கரைச்சு விடறாங்களே அம்மா, அதேதான்! பாட்டிலையும் ஸ்டாக்கையும் வாணலியில ஊத்திக் கிளறினா அஞ்சு நிமிஷத்துல கெட்டிப்படும். டப்பாவும் இல்லை, வெண்ணெயும் இல்லை. அடுப்பை அணைச்சுட்டு, கொதி அடங்கினதும் தயிர். மோர்க்குழம்பு திரிஞ்சு பார்த்தவங்களுக்கு இதை ரெண்டு தடவை சொல்லத் தேவையில்லை.

நூடுல்ஸை பாக்கெட்டுல போட்டிருக்கிற நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே வடிச்சுடுங்க. மீதியை ஓவன்ல, சாஸை உறிஞ்சிக்கிட்டே வேகட்டும். முழுசா வேக வெச்சுட்டா கடைசியில கிடைக்கிறது களி. எல்லாத்தையும் பட்டாணியோட கலந்து, எண்ணெய் தடவின பாத்திரத்துல கொட்டுங்க. சாஸ் கொஞ்சம் நீர்க்க இருக்கிற மாதிரி தெரியும், அப்படித்தான் இருக்கணும்.

சீஸ்? ரெண்டு கப்பை 75 கிராமா வெட்டியாச்சு, அதனால அதை உள்ளே ஒளிச்சு வைக்காதீங்க. மொத்தமும் மேலே! நாக்குல முதல்ல படற இடம் அதுதானே? 'ஷார்ப்'னு போட்டிருக்கிறது அதிக நாள் பழுத்த சீஸ், காரசாரமா இருக்கும், கொஞ்சமே போதும். கட்டியா வாங்கி நீங்களே பொடியா துருவுங்க, அதே 75 கிராம் இன்னும் அதிக இடத்தை மூடும். பிரெட் தூள்ல ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசறி சீஸ் மேல தூவிட்டா மொறுமொறுப்பும் ரெடி.

ஓவன் 375 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 190 செல்சியஸ். ஃபாயில் போட்டு மூடி 15 நிமிஷம், திறந்து 10 நிமிஷம். வெளியே எடுத்து இன்னொரு 10 நிமிஷம் அப்படியே விடுங்க, சாஸ் செட் ஆகும். கண்ணாடிப் பாத்திரமா இருந்தா ஈரமான மேடையிலயோ சிங்க்லயோ வைக்காதீங்க. சூட்டுக்கும் குளிருக்கும் நடுவுல டப்புனு வெடிக்கும்.

இப்போ கணக்கு? மொத்தம் 93 கிராம் கொழுப்பு, ஒரு ஆளுக்கு 15 சொச்சம். முன்னே இருந்தது 40. ஒரு தட்டுக்கு 200 கலோரிக்கு மேலே மிச்சம். தட்டோட சைஸ் குறையவே இல்லை, அதைக் கவனிச்சீங்களா?

ஒரு சீரியஸ் மேட்டர்

கைமா விஷயத்துல 'பார்த்தா வெந்த மாதிரி இருக்கு' செல்லாது. முழுத் துண்டு கறியில கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்புல இருக்கும், சூடு பட்டதும் போயிடும். அரைச்ச கறியில மேற்பரப்பு உள்ளே வரைக்கும் கலந்துடுது. 1993-ல அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள்ல சரியா வேகாத ஹாம்பர்கர் மூலமா ஈ-கோலை கிருமி பரவி, நாலு குழந்தைகள் இறந்தாங்க. கறி உள்ளே 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் தொடணும்னு அமெரிக்க விவசாயத் துறை சொல்லுது. கலரை வெச்சு முடிவு பண்ணாதீங்க. சின்ன சமையல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க.

யாரெல்லாம் டேபிள்ல?

பக்கத்து நாலு தெருவுக்கு நீங்கதான் பீஃப் பிரியாணி எக்ஸ்பர்ட்டா இருக்கலாம். ஆனா ரூம்மேட் நாலு பேருல ஒருத்தர் பீஃப் சாப்பிட மாட்டார், இன்னொருத்தர் முட்டை கூடத் தொட மாட்டார். அங்கே போனதும் ரூம்மேட்ஸ்தான் குடும்பம்ங்க. ஆளாளுக்கு ஒரு நேரத்துல, லேப்டாப் முன்னாடி தனித்தனியா சாப்பிட்டுக்கிட்டிருந்தா அந்தக் குடும்பம் ஹாஸ்டலை விட மோசமாயிடும். வாரத்துல ஒரு நாள், ஞாயித்துக்கிழமையே வெச்சுக்கோங்க, எல்லாரும் ஒரே நேரத்துல உட்காரணும்னா அதுக்கு இந்த ஓவன் சமையல் செம செட். தோசை மாதிரி ஒருத்தர் அடுப்புகிட்ட நின்னு ஊத்த, மத்தவங்க சாப்பிடற கதை இதுல கிடையாது. சமைச்சவரும் சேர்ந்து உட்காரலாம்.

அதனால பாத்திரத்தை ரெண்டா பிரிச்சுடுங்க. ரெண்டு 8 இன்ச் சதுரப் பாத்திரம் போதும். ஒண்ணுல பீஃப். இன்னொண்ணுல கைமாவுக்குப் பதிலா, குழையாம வேக வெச்ச முழு மைசூர் பருப்பு. அதுக்குத் தனி வாணலி, தனிக் கரண்டி. முட்டை நூடுல்ஸுக்குப் பதிலா சாதா பாஸ்தா, பீஃப் ஸ்டாக்குக்குப் பதிலா காய்கறி ஸ்டாக். சீஸ் லேபிளைப் படிங்க, சிலதுல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரெனெட் இருக்கும். 'அதெல்லாம் சொன்னாத்தானே தெரியும்'னு மட்டும் நினைச்சுடாதீங்க. நம்பி உட்கார்ந்தவங்க தட்டுல அவங்க தொடாததை வைக்கிறது ஜோக் இல்லை. பீஃப் மட்டும்தான் வேண்டாம்னு சொல்றவங்களுக்கு, கிரவுண்ட் டர்க்கியிலயும் 93/7 கிடைக்கும், அதே செய்முறை. ஆனா அதுக்கு சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட். முஸ்லிம் ஃப்ரெண்ட் வர்றாரா, ஹலால் கைமா தேடுங்க. மினியாபொலிஸ்ல சோமாலி மக்கள் நிறைய இருக்கிறதால அது ஒரு கஷ்டமே இல்லை. கோஷர் முறையைக் கடைப்பிடிக்கிற யூத ஃப்ரெண்ட் கறியையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட மாட்டார், அவருக்கு இந்த டிஷ்ஷே சரிப்படாது. முன்னாடியே கேட்டுட்டு வேற ஏதாவது பண்ணுங்க.

மிஞ்சிப்போச்சா? ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போகணும். மூணு நாலு நாள் தாங்கும். திரும்பச் சூடு பண்ணும்போது ரெண்டு ஸ்பூன் பால் தெளிச்சு, நடுவுலயும் ஆவி பறக்கிற மாதிரி சூடாக்குங்க.

பாட்லக்குக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா, உள்ளே என்னென்ன இருக்குனு ஒரு சீட்டுல எழுதி முன்னாடி வைங்க. பாத்திரத்துக்கு அடியில மாஸ்கிங் டேப் ஒட்டி உங்க பேரை எழுதிடுங்க. மிட்வெஸ்ட் ஆன்ட்டிகள் எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. ஒரே மாதிரி பன்னிரண்டு கண்ணாடிப் பாத்திரம் சிங்க்ல கிடக்கும்போது, உங்களோடது எதுனு அப்போதான் தெரியும்.